பேஸ்மென்டில் ஒரு ஆயில் டேங்க்: நியூ இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவர்களுக்கு

பாஸ்டனைச் சுற்றி அபார்ட்மென்டில் சில வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளிக்காகச் சற்றுத் தள்ளி வீடு தேடத் தொடங்கினால், விளம்பரத்தில் "ஹீட்டிங்: ஆயில்" என்ற வரி கண்ணில் படும். கேஸ் லைன் எட்டாத தெருக்கள் மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் ஏராளம். நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் பக்கம் போனால் இன்னும் அதிகம். வீடுகளைச் சூடாக்க ஆயிலை அமெரிக்காவிலேயே அதிகம் நம்பியிருக்கும் மாநிலம் மேய்ன்.

கேஸும் கரன்டும் தானாக வரும், மாதம் முடிந்தால் பில் வரும். ஆயிலுக்கு அந்த வசதி இல்லை. டேங்க் உங்களுடையது, அதிலுள்ள ஆயில் உங்களுடையது, கசிந்தால் நனைந்த மண்ணைத் தோண்டி எடுக்கும் செலவும் உங்களுடையது. ஆயில் வீட்டில் பெரிய பணம் போவது இரண்டே வழிகளில்: டேங்க் வறண்டு நடு ஜனவரியில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிப்பது, டேங்க் துருப்பிடித்துக் கசிவது. மாதம் பத்து நிமிடம் கீழே இறங்கிப் பார்ப்பவருக்கு இரண்டுமே பெரும்பாலும் முன்கூட்டித் தெரிந்துவிடும்.

முதல் நாள்: குழாயைப் பிடித்துக்கொண்டு போங்கள்

வீட்டுக்கு வெளியே தொடங்குங்கள். சுவரில் இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு அங்குல விட்டமும் திருகு மூடியும் உள்ளது ஃபில் பைப். லாரிக்காரர் ஆயில் ஊற்றுவது இதில். காளான் போன்ற தொப்பி போட்டது வென்ட் பைப். ஆயில் உள்ளே போகும்போது காற்று வெளியேறும் வழி. தொப்பி இருக்கிறதா, குளவிக் கூடு அடைத்திருக்கிறதா, பனி குவிந்தால் மூடிக்கொள்ளும் உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே, பேஸ்மென்டில் நீள்வட்ட வடிவில் நிற்கும் இரும்பு டேங்க் பெரும்பாலும் 275 கேலன். லிட்டரில் 1,040 வரும். காலி டேங்க் சுமார் 250 பவுண்டு. ஆயில் கேலனுக்கு ஏறக்குறைய 7.2 பவுண்டு என்பதால், நிரம்பிய டேங்க் கிட்டத்தட்ட ஒரு டன் எடை. அந்த ஒரு டன்னும் நாலு மெல்லிய குழாய்க் கால்களில் நிற்கிறது.

டேங்கிலிருந்து ஆயில் வெளியேறும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். அதன் கைப்பிடி 165 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும்படி செய்தது. தீப்பிடித்தால் கைப்பிடி உருகி, உள்ளிருக்கும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். பலரும் இதை ஃபைரோமேட்டிக் வால்வு என்றே சொல்வார்கள். அடுத்து ஃபில்டர். அதிலிருந்து மெல்லிய செப்புக் குழாய், ஆயிலை எரிக்கும் பர்னருக்குப் போகும். அந்தக் குழாய் வழியில் எங்காவது கான்கிரீட் தரைக்குள் நுழைகிறதா என்று கவனியுங்கள். உறையில்லாமல் வெறும் செம்பாக நுழைந்தால் அதைக் குறித்து வையுங்கள், பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

கடைசியாக, பேஸ்மென்ட் படிக்கட்டின் தலைமாட்டில் சிவப்புத் தகடு போட்ட, பர்னரை நிறுத்தும் ஒரு சுவிட்ச். விளக்கு என்று நினைத்து விருந்தினர் அணைத்துவிட்டுப் போவது இதைத்தான். ஹீட்டிங் நின்றால் கம்பெனிக்கு போன் செய்வதற்கு முன் இந்த சுவிட்சையும் தெர்மோஸ்டாட் பேட்டரியையும் பாருங்கள்.

கேஜில் கால், டேங்கில் கால் அல்ல

டேங்கின் தலையில் பிளாஸ்டிக் குப்பிக்குள் ஒரு சிவப்பு வட்டு ஏறி இறங்கும், அதுதான் கேஜ். அது காட்டுவது ஆயிலின் உயரத்தை மட்டும். டேங்கின் உயரம் 44 அங்குலம், அகலம் 27, நீளம் 60. மேலும் கீழும் அரைவட்டம். நடுப்பகுதியில் ஒரு அங்குலத்துக்கு ஏழு கேலன் பிடிக்கும், அடிப்பகுதியில் வளைவு குறுகுவதால் மிகவும் குறைவு. கணக்குப் போட்டால் பாதி என்பது சுமார் 135 கேலன். கால் என்பது 60-க்குச் சற்றுக் குறைவு. அரைக்கால் என்பது இருபது சொச்சம்தான். காலுக்கு மேல் நிதானமாக இறங்கும் வட்டு, காலுக்குக் கீழே விறுவிறுவென்று இறங்குவதற்குக் காரணம் இதுவே. மேலே ஆயில் விரிய இடம் விடுவதால், காலி டேங்கிலும் 250 கேலன் வரைதான் ஊற்றுவார்கள்.

வீடு கைமாறும் நாளில் டேங்கில் மிச்சமிருக்கும் ஆயிலுக்கு வாங்குபவர் பணம் கொடுப்பது இங்கே வழக்கம். விற்பவர் தரப்பு "கால் டேங்க், 69 கேலன்" என்று எழுதினால், மேலே சொன்ன கணக்கைக் காட்டலாம்.

வட்டு சிக்கிக்கொண்டால் வாரக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். பிளாஸ்டிக் குப்பியைத் திருகி எடுத்து, வட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அமுங்கி, திரும்ப மிதந்து வந்தால் சரி. குப்பியை மறுபடி இறுக்கமாகப் பூட்ட வேண்டும். விரிசல் விட்ட குப்பி வழியே, ஆயில் நிரப்பும்போது கூரை வரை பீய்ச்சியடிக்கும்.

எத்தனை நாளைக்கு வரும் என்பதற்கு ஆயில்காரர்களிடம் பழைய, நல்ல கணக்கு ஒன்று உண்டு: டிகிரி-டே. ஒரு நாளின் சராசரி வெப்பநிலையை 65-லிருந்து கழியுங்கள். பகலில் 40, இரவில் 20 என்றால் சராசரி 30. அன்றைக்கு 35 டிகிரி-டே. பாஸ்டனில் ஜனவரி முழுவதற்கும் ஏறக்குறைய 1,100 வரும். இரண்டு முறை டேங்கை நிரப்பியதற்கு இடையே 900 டிகிரி-டே கழிந்து, 150 கேலன் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டின் எண் 6. அதாவது ஒரு கேலனுக்கு 6 டிகிரி-டே. 35 டிகிரி-டே நாளில் சுமார் 6 கேலன் எரியும். கேஜில் கால் என்றால் பத்து நாள்கூட முழுதாக இல்லை. நாலைந்து வருடம் குறித்து வைத்தவர்களுக்கு இந்த எண் திடீரென்று இறங்கினால், வீட்டில் எங்கோ ஜன்னல் இடுக்கு, அல்லது பர்னர் சரியாக எரியவில்லை, அல்லது ஆயில் வேறெங்கோ போகிறது என்று தெரியும். வெந்நீரும் அதே பாய்லரிலிருந்து வருவதானால் கோடையிலும் கொஞ்சம் எரியும்; கணக்கைக் குளிர்மாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் கொடுப்பது

இரண்டு முறைகள். ஆட்டோமேட்டிக் டெலிவரியில் கம்பெனியே டிகிரி-டே கணக்குப் பார்த்து லாரி அனுப்பும். விலை கேலனுக்குச் சற்றுக் கூடுதல், பர்னர் சர்வீஸும் பெரும்பாலும் அவர்களிடமே. வில்-கால் முறையில் நீங்களே விலை விசாரித்துக் கூப்பிட வேண்டும். மலிவு, ஆனால் வறண்டால் பொறுப்பு உங்களுடையது. முதல் குளிர்காலத்துக்கு ஆட்டோமேட்டிக் போதும், வீட்டின் எண் பிடிபட்ட பிறகு மாறிக்கொள்ளலாம். வில்-கால் என்றால் வட்டு எட்டில் மூன்று பங்குக்கு வரும்போதே கூப்பிடுங்கள். பல கம்பெனிகள் 100 கேலனுக்குக் குறைந்தால் வரமாட்டார்கள். பனிப்புயலுக்குப் பிறகு எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள்.

டெலிவரி நாளில் ஃபில் பைப் வரை பனியை வாரி வழி விடுங்கள். ஆயில் போகும்போது வென்ட் பைப்பில் விசில் கேட்கும்; டேங்க் நிரம்பியதும் நிற்கும். விசில் கேட்காவிட்டால் லாரிக்காரர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும் என்பது தொழிலின் அடிப்படை விதி. வென்ட் அடைபட்ட டேங்குக்குள் பம்ப்பின் அழுத்தம் முழுதும் இறங்கினால் பழைய டேங்க் வெல்டிங் இணைப்பில் பிளந்துவிடும். போகும்போது மீட்டர் அச்சடித்த சீட்டு தருவார்கள். ஊற்றுவதற்கு முன் கேஜில் கண்ட அளவோடு சீட்டிலுள்ள கேலனைக் கூட்டிப் பாருங்கள்; 250-ஐத் தாண்டி வெகுதூரம் போனால் உடனே கேளுங்கள்.

டேங்க் பழையதாகவும் ஆயில் அரைக்காலுக்குக் கீழும் இருந்தால், நிரப்பும்போது சிவப்பு சுவிட்சை அணைத்து இரண்டு மணி நேரம் விடுவது நல்லது. வேகமாக விழும் ஆயில் அடியிலுள்ள கசடைக் கலக்கிவிடும். அது படிவதற்குள் பர்னர் இழுத்தால் ஃபில்டரும், ஆயிலைத் தெளிக்கும் நாஸிலும் அடைபடும்.

வறண்டுவிட்டால்

பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டீசலும் இந்த ஆயிலும் பர்னருக்கு ஒன்றுதான். பெட்ரோல் ஊற்றினால் வெடிக்கும். ஒரு சொட்டுகூடக் கூடாது. டீசலுக்கான மஞ்சள் கேன் ஐந்து கேலனில் இரண்டு வாங்குங்கள். சாதாரண வீட்டு பர்னர் மணிக்கு ஒரு கேலனுக்குள்தான் எரிக்கும், அதுவும் விட்டுவிட்டு. லாரி வரும்வரை பத்து கேலன் ஒன்றிரண்டு நாள் தாங்கும்.

ஒற்றைக் குழாய் அமைப்பில், வறண்ட பிறகு ஆயில் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பர்னருக்கு இரண்டு செப்புக் குழாய்கள் போனால் காற்று தானே வெளியேறும். பெக்கெட் வகை பர்னர்களில் செய்யும் முறை:

1. சிவப்பு சுவிட்சை அணையுங்கள். டீசலை வெளியிலுள்ள ஃபில் பைப்பில் புனல் வைத்து ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள்.

2. பர்னரின் பக்கவாட்டில் உள்ள ஆயில் பம்ப்பில் சிறு முலைபோன்ற திருகு இருக்கும். அதில் கால் அங்குலத் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு ஜாடிக்குள் விடுங்கள். மூன்றெட்டு அங்குல ஸ்பேனர் பொருந்தும்.

3. தெர்மோஸ்டாட்டை ஏற்றி வைத்து, சுவிட்சைப் போட்டு, சிவப்பு ரீசெட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் திருகை அரைச் சுற்று திறந்துவிடுங்கள்.

4. முதலில் காற்று, பிறகு நுரை, பிறகு குமிழி இல்லாத ஆயில் வரும். குமிழி முற்றிலும் நின்ற பிறகும் சில விநாடி ஓட விடுங்கள்.

5. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகை மூடுங்கள். பர்னர் பற்றிக்கொள்ளும்.

பாதியில் பர்னர் நின்றால் மறுபடி ரீசெட் அழுத்தலாம். திருகு திறந்திருக்கும்வரை ஆயில் ஜாடிக்குத்தான் போகிறது. புதிய கன்ட்ரோல்கள் சில முறை தோற்றால் தாமே பூட்டிக்கொள்ளும், பிறகு டெக்னீஷியன்தான். ரியெல்லோ பர்னரில் திருகும் முறையும் வேறு. அதற்கு அதன் மேனுவல் வேண்டும்.

டேங்கில் ஆயில் இருந்தும் பர்னர் நின்ற நாளில் கதையே வேறு. அன்றைக்கு ரீசெட் ஒரே ஒரு முறை. எரியாத ஒவ்வொரு முயற்சியிலும் நாஸில் தெளித்த ஆயில் தீ எரியும் அறைக்குள் தேங்கும். ஐந்தாறு முறை அழுத்திய பிறகு பற்றினால், தேங்கியது அத்தனையும் ஒரே வீச்சில் எரிந்து வீடு முழுக்கக் கரி படியும். ஏற்கெனவே பலமுறை அழுத்திவிட்டீர்களானால், வருகிற டெக்னீஷியனிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

துரு உள்ளிருந்து வருகிறது

வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும் டேங்க் கசிவதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். டேங்கின் எதிரி தண்ணீர். வென்ட் வழியே வரும் ஈரக்காற்று உட்சுவரில் குளிர்ந்து துளிகளாக இறங்கும். தொப்பி போன வென்ட் வழியே மழையும் இறங்கும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். ஆயிலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் பாக்டீரியா வளர்ந்து அமிலத்தையும் கறுப்புக் கசடையும் உண்டாக்கும். இரும்புத் தகட்டின் தடிமன் (இதையும் கேஜ் என்றே சொல்வார்கள்) 12 கேஜ் டேங்கில் சுமார் 2.7 மில்லிமீட்டர், 14 கேஜில் 1.9 மட்டுமே. அடி வயிற்றில் ஊசிமுனை அளவில் தொடங்கும் ஓட்டைக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம்.

ஆகவே மாதம் ஒருமுறை டார்ச்சோடு போய், ஒரு வெள்ளைப் பேப்பர் டவலால் டேங்கின் அடிப்பகுதியை முழு நீளத்துக்கும் துடையுங்கள். ஹீட்டிங் ஆயிலில் சிவப்புச் சாயம் கலந்திருப்பதால் சிறு வியர்வைகூட இளஞ்சிவப்பாகத் தெரியும். பெயின்ட் கொப்புளித்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பார்க்கும் ஆசை வரும்; வேண்டாம், அந்தக் கொப்புளமே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். கால்களைப் பாருங்கள்: துருப்பிடித்து மெலிந்தவை, அடித்தட்டு இல்லாமல் மண்ணில் நிற்பவை, சாய்ந்தவை. வால்வு, ஃபில்டர், இணைப்புகளின் கீழே விரலால் தடவுங்கள். பேஸ்மென்டில் புதிதாக ஆயில் வாடை அடித்தால் அது தானாகப் போகும் என்று காத்திருக்காதீர்கள்.

அடியில் தண்ணீர் எவ்வளவு என்று அறிய, தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஒரு பசை கிடைக்கிறது. நீண்ட குச்சியின் நுனியில் தடவி டேங்கின் மேல் துவாரம் வழியே அடி தொட இறக்கி எடுத்தால் நிறம் மாறிய உயரமே தண்ணீரின் உயரம். ஒரு அங்குலத்தை நெருங்கினால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். இரும்பு டேங்க் வாங்கினால், அடியிலேயே வாய் உள்ளதும் வாய்ப்பக்கம் சற்றுத் தாழ்த்தி நிறுத்தியதும் நல்லது. தண்ணீர் தேங்காமல் சிறிது சிறிதாக ஃபில்டருக்கு வந்துவிடும்.

கோடையில் டேங்கை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடம் குறைந்து தண்ணீரும் குறையும் என்பார்கள். பழைய இரும்பு டேங்குக்கு அது சரி. அந்தக் கோடையிலேயே டேங்கை மாற்றும் எண்ணம் இருந்தால் எதிர்மாறாகச் செய்யுங்கள், ஆயிலை இறங்கவிடுங்கள்.

டேங்க் வெளியே இருந்தால்

வெயிலும் குளிரும் மாறி மாறிப் படும் டேங்கில் தண்ணீர் அதிகம் சேரும், ஆயுளும் குறைவு. இன்னொரு தொல்லை, ஆயில் உறைவது. வெப்பநிலை 16 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கும்போது ஆயிலில் மெழுகு பிரிந்து மங்கத் தொடங்கும்; இன்னும் இறங்கினால் ஃபில்டரும் செப்புக் குழாயும் அடைபடும். டிசம்பருக்கு முன்பே கெரசின் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். கெரசினில் வெப்பம் சற்றுக் குறைவு, விலை கூடுதல். அதனால் பேஸ்மென்ட் டேங்குக்கு அது வீண். உறைந்துவிட்டால் ஹேர் டிரையரால் ஃபில்டரையும் குழாயையும் சூடாக்கலாம், தீ எதுவும் கூடாது. கூரை விளிம்பிலிருந்து விழும் பனிக்கட்டி வால்வை முறித்தால் டேங்க் முழுதும் தரையில் இறங்கிவிடும். ஃபில்டருக்கும் வால்வுக்கும் மேலே உறுதியான மூடி போடுங்கள்.

கசிந்தால், கசிவதற்கு முன்

பர்னரை அணைத்து வால்வை மூடுங்கள். சொட்டும் இடத்தில் பாத்திரம் வையுங்கள், தரையில் பூனைக் கழிவுக்கென்று விற்கும் உறிஞ்சு மண்ணைக் (கேட் லிட்டர்) கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பேஸ்மென்டில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருந்தால் முதலில் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் ஆயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடும். பிறகு ஆயில் கம்பெனி; அளவு பெரிதானால் தீயணைப்புத் துறை. மாசசூசெட்ஸில் 10 கேலனோ அதற்கு மேலோ கொட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குச் சொல்லியாக வேண்டும்.

சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் ஆயில் கசிவைச் சுத்தம் செய்யும் செலவு பெரும்பாலும் சேராது. மாசசூசெட்ஸ் 2008-ல் இயற்றிய சட்டம் இரண்டு காரியங்களைச் சொல்கிறது. ஒன்று, ஆயில் குழாய்க்கு உறை இருக்க வேண்டும் அல்லது டேங்கில், குழாய் கசிந்தால் ஆயிலைத் தானே நிறுத்தும் ஆயில் சேஃப்டி வால்வு இருக்க வேண்டும். முன்பு குறித்துவைத்த, தரைக்குள் போகும் வெறும் செப்புக் குழாய் இங்கேதான் மாட்டும். கான்கிரீட் செம்பை அரிக்கும், கசிவு யார் கண்ணுக்கும் தெரியாமல் மண்ணுக்குப் போகும். இரண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கசிவுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தர முன்வர வேண்டும். தர வேண்டியது அவர்கள் கடமை, கேட்டு வாங்குவது உங்கள் விருப்பம். கேளுங்கள். லைசென்ஸ் உள்ள டெக்னீஷியன் வால்வோ உறையோ போட்டதற்கான சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வருட சர்வீஸ்

ஆகஸ்ட், செப்டம்பரில் கூப்பிடுங்கள். அக்டோபரில் தேதி கிடைக்காது. ஃபில்டர், நாஸில், பம்ப்பின் வலை மூன்றும் மாற்றவோ சுத்தம் செய்யவோ வேண்டும், பாய்லரின் உட்பகுதியைத் துலக்க வேண்டும், புகையை மெஷினில் அளந்து அச்சிட்ட சீட்டைத் தர வேண்டும். வெறும் வேக்குவம் பிடித்துவிட்டு அளக்காமல் கிளம்புகிறவருக்கு அடுத்த வருடம் போன் செய்ய வேண்டாம். ஃபில்டரை நீங்களே மாற்றினால் கேஸ்கெட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். பழையதைத் திரும்பப் போட்டால் காற்று புகுந்து பர்னர் நிற்கும். ஒவ்வொரு மாடியிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் அவசியம்.

மாற்றுவதும் எடுப்பதும்

வயதான டேங்க் கசியும்வரை காத்திருப்பது லாபமில்லை. மாற்றும்போது இரட்டைச் சுவர் டேங்குகளையும் பாருங்கள். ராத் கம்பெனியின் டேங்கில் உள்ளே பிளாஸ்டிக், வெளியே இரும்பு உறை. உள்ளே துருப்பிடிக்க ஒன்றுமில்லை, கசிந்தாலும் உறை தாங்கும். பழைய டேங்கின் அடிக்கசடைப் புதிய டேங்குக்கு மாற்ற விடாதீர்கள், தண்ணீரும் பாக்டீரியாவும் சேர்ந்தே வரும். மாசசூசெட்ஸில் இந்த வேலைக்கு ஊர்த் தீயணைப்புத் துறையின் பர்மிட் தேவை.

வீடு வாங்குவதற்கு முன், பேஸ்மென்டில் டேங்க் இல்லாமல் வெளியே மட்டும் ஃபில் பைப்போ, சுவரில் வெட்டிவிட்ட இரண்டு செப்புக் குழாய்களோ தெரிந்தால், தோட்டத்தில் டேங்க் புதைந்திருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் தேடச் சொல்லுங்கள்.

கேஸுக்கோ ஹீட் பம்ப்புக்கோ மாறி டேங்கை எடுக்கும் நாளில், வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபில் பைப்பையும் வென்ட் பைப்பையும் சேர்த்துப் பிடுங்கி ஓட்டையை அடையுங்கள். மூடி போட்டு விடுவது போதாது. பக்கத்துத் தெரு முகவரியைத் தேடிவந்த லாரி, டேங்க் இல்லாத பேஸ்மென்டுக்குள் நூறு இருநூறு கேலன் ஊற்றிவிட்டுப் போன வீடுகள் இந்தப் பக்கம் உண்டு.